பார்க்கலாம் என்ற சொல்லும் ஒரு தூணும்

மலாக்காவில், செங் என்ற இடத்தில், மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில் என் மகளின் அலுவலகம் இருக்கிறது. நான்கு மேசை, ஏழு நாற்காலி, ஆள் அகலத்துக்கு ஒரு பிரிண்டர். ஏழு நாற்காலியில் ஒன்றுக்கு ஒரு சக்கரம் குறைவு. அதில்தான் நான் உட்காருவேன். வேறு யாராவது உட்கார்ந்து விழுந்து வைப்பார்களோ என்ற பயம்.

என் மகள் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர். அவள் கையெழுத்து விழுந்தால்தான் அவள் வரைந்த கட்டடத்துக்குள் ஆட்கள் குடிபோகலாம், கூடலாம். முன்பு நகராண்மை கொடுத்த சான்றிதழை இப்போது கட்டடக் கலைஞரே கொடுக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. அதன் பெயரும் மாறிவிட்டது. நம் ஆட்கள் மட்டும் இன்னமும் பழைய பெயரில் சி.எஃப். என்றே சொல்கிறார்கள். கட்டடத்துக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாளில் இருக்கும் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். அது என் மகளின் பெயர்.

அலுவலகத்தில் அவளைத் தவிர, படம் வரைகிற பாய் ஒருவர் உண்டு. மலாக்கா டவுனில் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, துணி வேண்டாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தவர். ஐம்பதைத் தாண்டியும் மீசையில் ஒரு நரை இல்லை. மை என்பது என் சந்தேகம். பிறகு நான். இடைநிலைப் பள்ளியில் வாணிபமும் கணக்கியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாயா ரும்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஆபீசுக்கு வந்து எண்ணுங்கப்பா, எனக்காவது உதவும்" என்று அவளே கூட்டிவந்தாள்.

வந்த சில நாளிலேயே அவள் கோப்புகளைப் புரட்ட ஆரம்பித்தேன். அவள் நன்றாக வரைவாள், அதில் குறையில்லை. ஆனால் வேலை எந்த வழியாக உள்ளே வருகிறது என்றே தெரியவில்லை. ஒன்று தொலைபேசியில் வரும். ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். ஒன்று கல்யாண விருந்தில், கை கழுவப் போகிற இடத்தில் வரும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி எழுதிப் பார்த்தேன். கையில் பதினொரு வேலை. அதில் நான்கு, "நம்ம ஆளுங்க வேலை." அந்த நான்குக்கும் ஒப்பந்தம் இல்லை. எதை வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டாள், யார் சொன்னால் மாற்றுவாள், சைட்டுக்கு எத்தனை தடவை போவாள், எதுவும் எழுத்தில் இல்லை. சிறிய அலுவலகம் வரையத் தெரியாமல் கெட்டுப்போவதில்லை. இந்த மூன்றையும் எழுதி வைக்காமல்தான் கெட்டுப்போகிறது. ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்தும்போது பலகையில் இரண்டு சொல் எழுதுவேன்: முன்மொழிவு, ஏற்பு. ஏற்பு தெளிவாக இருக்க வேண்டும்; சும்மா இருந்தால் அது ஏற்பு ஆகாது. அந்தப் பாடத்தைச் சொந்த மகளுக்குத்தான் நடத்தவில்லை போல.

ஆகவே ஒரு படிவம் தயாரித்தேன்; ஆபீசில் அதற்குப் பாரம் என்று பெயர். படத்தில் எதை மாற்றச் சொன்னாலும், கேட்கிறவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கீழே என் மகள் முடியும், அல்லது முடியாது என்று எழுதுவாள். ஒரே பக்கம். ஐம்பது பிரதி எடுத்து அடுக்கி வைத்தேன்.

"மாமாகிட்டப் போய் பாரம் நீட்ட முடியுமாப்பா? மூஞ்சி எப்படிப் போகும்னு நெனச்சுப் பாருங்க."

"சீனத் தௌகேகிட்ட நீட்டினியே?"

"அவர் தௌகே. இவர் மாமா."

தௌகே, அந்தச் சீன முதலாளி, தன் கிடங்கு வேலைக்கு இரண்டு பாரம் கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுத்திருந்தார். மீதி நாற்பத்தெட்டும் அடுக்கிலேயே இருந்தன.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. லூபோக் சீனா என்ற ஊருக்கு உள்ளே, முன்பு ரப்பரும் இப்போது செம்பனையுமாக இருக்கிற ஒரு தோட்டத்துக் கோயிலின் தலைவர். லாரி ஓட்டி, பிறகு லாரிகளை வாங்கி, வேறு ஆட்களை ஓட்ட வைத்தவர். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கொட்டகையைச் சேர்த்துக் கட்டிக் கல்யாண மண்டபமாக்க வேண்டும் என்று என் மகளிடம் வந்தார். சாமி காரியம் என்று அவள் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டாள். ஆனால் பாதிச் சம்பளத்து வேலைக்கு யாரும் முழு நேரம் கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது. மற்ற பத்து வேலைக்கும் போய் மிஞ்சிய நாளில்தான் அவள் அந்தச் சைட்டுக்குப் போனாள். மிஞ்சிய நாள் அதிகம் இருக்கவில்லை.

மண்டபத்துக்குப் பன்னிரண்டு தூண். எட்டு சுவரோடு சேர்ந்தவை. நான்கு உள்ளே தனியாக நிற்பவை. பழைய கொட்டகையும் புதுக் கட்டடமும் சேர்கிற கோட்டில் அந்த நான்கும் வரிசையாக நின்று மேலே ஓர் உத்தரத்தைத் தாங்கின. உத்தரத்தின் மேல் கூரையின் பாதி. மேடைப் பக்கம், அதற்கும் மேலே, தண்ணீர்த் தொட்டி. படத்தைப் பார்த்து நான் இவ்வளவுதான் புரிந்துகொண்டேன். இவ்வளவு போதும்.

ஒரு நாள் மாமா அலுவலகத்துக்கு வந்தார். கையில் லட்டுப் பெட்டி, இருபது இருந்தது. பேத்தியின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, புது மண்டபத்தில் முதல் கல்யாணம் அதுதான் என்றார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. பாய் இரண்டு லட்டு சாப்பிட்டார். பிறகு மாமா மேசையில் விரித்திருந்த படத்தில் விரலை வைத்தார்.

"பாப்பா, இந்தத் தூண் மட்டும் மேடைக்கு நேரா நிக்குது பாரு. மாலை மாத்துறப்ப வீடியோக்காரன் மாப்பிள்ளையை எடுக்கமாட்டான், தூணைத்தான் எடுப்பான். ஆல்பம் பூரா தூணுக்குக் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கும்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

"இதை எடுத்துட்டா மத்த மூணும் தாங்காதா? பெசிக் கம்பி கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்லா."

என் மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "பார்க்கலாம் மாமா" என்றாள்.

அவர் படி இறங்கியதும் நான் கேட்டேன். "எடுக்க முடியுமா?"

"எப்படிப்பா முடியும்? அந்த இடத்துலதான் தொட்டி கனமும் இறங்குது."

"அப்ப முடியாதுன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேனே. பார்க்கலாம்னு."

"அதுவா முடியாது?"

"நம்ம வீட்ல அதானேப்பா? சின்ன வயசுல நான் சைக்கிள் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? பார்க்கலாம். பியானோ கேட்டப்ப? பார்க்கலாம். நான் அப்புறம் கேட்டேனா?"

பாய் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். நான் என் சக்கரம் குறைந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முடியாது என்று பொருள். மூத்தவரின் முகத்துக்கு நேரே மறுக்காமல் மறுக்கிற வழி அது. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படியா? மாமா அரசு அலுவலகங்களிலும் தோட்ட ஆபீசுகளிலும் நின்று நின்று வளர்ந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை என்றாலே அவர் கணக்கில் வேலை முடிந்த மாதிரி. மேசைக்கு அந்தப் பக்கம் அன்று இருந்தது என் மகள். இதை நான் அவளிடம் சொன்னேன். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றாள். கொஞ்ச நாள் கழித்து மாமா குரல் செய்தியில் மறுபடி கேட்டார். அவள் காரில் போய்க்கொண்டே குரல் செய்தியிலேயே பதில் அனுப்பினாள். அதே பதில்.

மண்டபத்தைக் கட்டியவர் மாமாவின் மச்சான். அதுவும் ஒரு சிக்கல். கட்டச் சொல்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், நடுவில் இருவரையும் கண்காணிக்கிற கட்டடக் கலைஞர் ஒருவர் என்பதுதான் முறை. இங்கே முதல் இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள். கட்டடத்தின் படம் எங்களிடம் இருந்தது. கட்டடம் அவர்களிடம் இருந்தது.

மச்சான் அடிக்கடி புகைப்படம் அனுப்புவார். வேலை எவ்வளவு முடிந்தது என்று அதைப் பார்த்துப் பலகையில் குறிப்பது என் பொறுப்பு. ஒரு தடவை தரையில் ஓடு பதித்த படம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. மேடைக்கு முன்னால் ஓட்டிலேயே பெரிய தாமரைக் கோலம். பழக்கம் காரணமாகத் தூண்களை எண்ணினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். சாரம் ஒன்றை மறைத்திருக்கலாம். முந்தைய படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாரம் இருந்த படத்தில் பன்னிரண்டு தெரிந்தது. சாரம் பிரித்த படத்தில் பதினொன்று.

"எடுத்த கோணம் அப்படிப்பா" என்றாள் மகள். மறுநாள் வேறு வேலைக்கு நகராண்மையில் படம் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தாள்.

பாயிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். மீசையைத் தடவினார். "சார், தாமரை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார்.

தூண் இருக்க வேண்டிய இடத்தில்தான் தாமரை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். பெரிய சாலையிலிருந்து பிரிந்து செம்பனைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்துவிடும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தில் ஆறு வீடுதான் மிச்சம். அதில் இரண்டில்தான் விளக்கு. மற்றவர்கள் செங்குக்கும் பாயா ரும்புட்டுக்கும் தொழிற்சாலை வேலையைத் தேடிப் போய்விட்டார்கள். கல்யாணம் என்றால் மட்டும் கோயிலுக்குத் திரும்பி வருவார்கள். அவர்களுக்காகத்தான் மண்டபம்.

உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு வாடை. புது நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நின்றன: நாற்பது அடுக்கு, அடுக்குக்குப் பத்து. நானூறு பேர். மேலே வெள்ளைப் பலகையால் கூரையை மூடிவிட்டார்கள். உத்தரம் தெரியவில்லை. தலைக்கு மேலே எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"தொட்டி ரொம்புது சார்" என்றார் மச்சான். "ஓட்டை இருக்கான்னு பார்க்க."

என் மகள் தாமரையின் நடுவில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஓட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஏணி குடுங்க" என்றாள். பாய் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி ஒரு பலகையை ஒதுக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். நான் கீழே நின்று அவள் கால்களைத்தான் பார்த்தேன். இரண்டும் இன்னொரு படி மேலே ஏறின.

"பூசியிருக்கீங்க" என்றாள் மேலிருந்து.

"மயிர்க்கோடு விரிசல்தான்மா. எல்லா உத்தரத்துலயும் இருக்கும்லா. பூசிட்டா போச்சு."

"பூசினதுக்கு மேலயே மறுபடி கோடு விட்டிருக்கு."

அதற்குள் மாமா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி பாப்பா? மேடை பளிச்சுனு தெரியுதா?"

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். "தூணை யார் மாமா எடுக்கச் சொன்னா?"

"என்னம்மா, நீதானே சொன்னே!"

"நான் எப்ப சொன்னேன்?"

அவர் கைபேசியை எடுத்து, தேடி, ஒலியைக் கூட்டினார். வெறும் மண்டபத்தில் என் மகளின் குரல் மோதித் திரும்பியது. *பார்க்கலாம் மாமா.* பின்னால் கார் சிக்னல் போடுகிற டிக் டிக். மறுபடி ஒரு தடவை போட்டார். *பார்க்கலாம் மாமா.*

பெற்றவன் நான். அவள் குரலில் காய்ச்சல் வந்தால்கூட எனக்குத் தெரியும். அந்த இரண்டு சொல் சம்மதமா மறுப்பா என்று அன்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"பார்க்கலாம்னா, பார்க்கலாம்னுதானே அர்த்தம்?" என்றார் மச்சான். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா. நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

திரும்பி வரும் வழியில் காரில் பாய், "அந்தப் பாரம் ஐம்பதும் அப்படியே இருக்கா சார்?" என்று கேட்டார்.

"நாற்பத்தெட்டு" என்றேன்.

கட்டமைப்புக் கணக்குப் போட்ட சீன இஞ்சினியர் வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீரை வடிக்கச் சொன்னார். உத்தரத்துக்குக் கீழே ஆறு இரும்பு முட்டுக்கால் கொடுக்கச் சொன்னார். தூணை அடித்தளத்திலிருந்து மறுபடி எழுப்ப வேண்டும், அதுவரை உள்ளே கூட்டம் கூடாது என்றார். ஆறு முட்டும் வந்து, தாமரையைச் சுற்றி நின்றன. நானே எண்ணினேன்.

கோயில் கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. தரை ஓட்டை உடைக்க வேண்டும், தாமரை போய்விடும். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் நிதானமா தூணை வைக்கலாம், இப்ப சி.எஃப். மட்டும் குடுத்துடு பாப்பா" என்று மாமா எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். என் மகள் காப்பி கொடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை. அப்போதும் முடியாது என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "இஞ்சினியர் ஒத்துக்கமாட்டாரு மாமா" என்றாள். சீனர் மேல் பழியைப் போட்டால் உறவு தப்பிக்கும் என்று நினைத்தாள் போல. மாமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில், மண்டபத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அதை ஒட்டி வெளியே கூடாரம் போட்டுக் கல்யாணத்தை நடத்துவது என்று முடிவாயிற்று. நிம்மதி என்று என் மகள் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டபத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவுதான். சாவி மச்சானின் இடுப்பில்.

கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். போகாமல் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஐந்து கூடாரம், முப்பத்திரண்டு மேசை. தாலி கட்டும்போது வெயில் கொளுத்தியது. பெண் அழகாக இருந்தாள். வீடியோக்காரருக்கு எந்தத் தூணும் குறுக்கே வரவில்லை. பந்தி தொடங்கியபோது லூபோக் சீனா பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செம்பனை ஓலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் புரண்டு வெள்ளையாகத் தெரிந்தன.

நான் சாப்பிடவில்லை. எழுந்து போய் மண்டபத்துக் கதவின் கம்பி வழியே உள்ளே பார்த்தேன். அரையிருட்டு. முட்டுக்கால்களை எண்ணினேன். நான்கு.

கண் மங்கல் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். நான்கு. திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தேன். நடுக் கூடாரத்தின் இரண்டு பக்கமும், காற்றுக்குத் தாங்க, இரண்டு இரும்புக் கால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதே நீலப் பெயிண்ட்.

மகளிடம் ஓடினேன். ஓடினேன் என்றால், என் வயதுக்கு. அவள் இலையில் கை வைத்திருந்தாள். நான் காதில் சொன்னதும் கை கழுவாமல் எழுந்தாள்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. முதல் காற்றில் ஒரு கூடாரத்தின் மூலை பிய்ந்து பறந்தது. ஆட்கள் இலையோடும் பிள்ளையோடும் எழுந்து ஓடி வந்தார்கள். யாரோ, "மண்டபத்தைத் திறங்க!" என்று கத்தினார்கள். மச்சான் ஏற்கெனவே பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிவிட்டிருந்தார்.

என் மகள் வாசலில் போய் நின்று, இரண்டு கைகளையும் இரண்டு பக்கத்து நிலையிலும் ஊன்றிக்கொண்டாள். வலது கையில் இன்னமும் சாம்பார்ச் சோறு.

"யாரும் உள்ள போகக்கூடாது."

"என்னம்மா இது, பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு நிக்கிறேன், மழையில நனையச் சொல்றியா?" என்றாள் ஒரு பெண்.

"நகருங்கலா!" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் உரக்கச் சிரித்தார். "ஆர்க்கிடெக் அம்மா கட்டின மண்டபத்துக்குள்ள ஆர்க்கிடெக் அம்மாவே போகப் பயப்படுறாங்க. நல்ல விளம்பரம்லா! எனக்கும் ஒரு வீடு கட்டணும், கார்டு இருக்கா?"

மாமா வந்தார். பட்டு வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. திருநீறு கரைந்து புருவத்தில் வழிந்தது. "பாப்பா. பத்து நிமிஷம். மழை விட்டதும் எல்லாரும் வெளிய வந்துடுவாங்க."

"முட்டு ரெண்டை எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"பத்து நிமிஷம்தானேம்மா. சம்பந்தி வீட்டு ஆளுங்க நனையுறாங்க. மாமா கேக்குறேன்."

அவள் உதடு அசைந்தது. பழைய சொல்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"முடியாது" என்றாள்.

"என்ன?"

"முடியாது, தலைவரே. முடியாது. யாரும் உள்ள வரமுடியாது."

மாமா என்று சொல்லாமல் தலைவரே என்று சொன்னதைச் சுற்றி நின்ற எல்லாரும் கேட்டார்கள். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். ஆனால் அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கோயிலுக்குள்ள போங்க, காருக்குள்ள போங்க" என்று கத்தினார். ஆட்கள் திட்டிக்கொண்டே சிதறினார்கள். கல்யாணச் சாப்பாடு மேசையிலேயே மழையில் கரைந்தது.

வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. இறுக்கமான மூடியைத் திறக்கும்போது வருகிற மாதிரி ஒன்று. நாற்காலி அடுக்கு சரிந்ததாக இருக்கலாம். காற்றில் கூரைப் பலகை அசைந்ததாக இருக்கலாம்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாளே அவள், தூண் போனதையும் முட்டு போனதையும் நகராண்மைக்கு எழுதினாள். நம் ஆட்களைப் பற்றி நாமே எழுதிக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்டார்கள். நகராண்மை ஆட்கள் வந்து, யாரும் உள்ளே போகக்கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிறகு எங்கள் பலகையில் வேலை பதினொன்றிலிருந்து ஏழாயிற்று. நம்ம ஆளுங்க வேலையில் மிஞ்சியது அந்த மண்டபம் ஒன்றுதான். மற்ற மூன்று பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு இடம் போய்விட்டார்கள். நான்காவதாகப் போனவர் சீனத் தௌகே. வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்; போகும்போது ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக வருகிறவர்களிடம் என் மகள் இப்போது பாரத்தை முதலில் நீட்டுகிறாள். சிலர் எழுதுகிறார்கள். சிலர் லட்டுப் பெட்டியைக்கூட வைக்காமல் இறங்கிப் போகிறார்கள்.

கொஞ்ச நாளில் வேறு ஊர்க் கட்டடக் கலைஞர் அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டப வேலையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதாகவும், என் மகள் தன்னை விடுவித்துக்கொள்வதாக எழுதித் தந்தால் போதும் என்றும். ஒருவர் வேலையை இன்னொருவர் எடுக்கும்போது அப்படிக் கேட்டு வாங்குவதுதான் முறை.

"எழுதிக் குடுத்துடு" என்றேன். எத்தனை நாளாக இதற்காகக் காத்திருந்தேன்! "உன் பேர் அதிலிருந்து போகட்டும்."

"அவங்க தூணை வைப்பாங்களாப்பா?"

பாய்தான் பதில் சொன்னார். மலாய்க் கம்போங் கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் மச்சானே அவரிடம் பேசினாராம். புது ஆர்க்கிடெக் ரொம்ப நல்ல மனுஷன், தூண் இல்லாமல் முடியுமா என்று கேட்டதற்கு முகம் சுளிக்கவே இல்லை.

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்னாராம்."

அவள் அடுக்கிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தாள். விடுவிக்க முடியாது, தூண் நின்ற பிறகு கேளுங்கள் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அவளுடையது, ஆகவே மண்டபமும் இன்னும் அவளுடையது. அது விழுந்தாலும் அவளுடையதுதான். இதை நான் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் அவள் மவுஸை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். பாய் உடனே மச்சானுக்குப் போன் போடுவார். முட்டு எத்தனை இருக்கிறது என்று கேட்பார். ஆறு, என்று பதில் வரும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இல்லை என்று வரும். எப்போது கேட்டாலும் ஆறுதான், எப்போது கேட்டாலும் இல்லைதான்.

போன மாதம் பாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவுக்கும் ஜன்னல்களுக்கும் உள்பக்கமாகத் தகரம் அடித்திருந்தார்கள். நோட்டீஸ் பாதி கிழிந்திருந்தது. பூட்டு புதியது. வாசல் மணலில் நாற்காலிகளை இழுத்த தடம்; உள்ளே போனதா வெளியே வந்ததா என்று தெரியவில்லை. தகரத்தில் காதை வைத்துப் பார்த்தேன். மேலே எங்கேயோ தண்ணீர் விழுகிற மாதிரி இருந்தது. செம்பனையில் காற்று அடித்தாலும் அப்படித்தான் கேட்கும் என்றார் பாய்.

ஆறு என்கிறார்கள். என்னால் எண்ண முடியவில்லை.